லேட் பஸ் இரண்டாவது வந்த மாலை

பாலிகெரின்,
ஜூலை 18, வெள்ளிக்கிழமை

அன்புள்ள நோரீனுக்கு,

“டீச்சர், ஜெயிச்சது குதிரைக்குத் தெரியுமா?” என்று உன் டோனல் மூன்றாம் வகுப்பில் என்னிடம் கேட்டான். கூட்டல் கணக்குக்கு நடுவில் எழுந்து நின்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, உன் அம்மாவிடம் கேள் என்று உட்கார வைத்தேன். நீ என்ன பதில் சொன்னாயோ, நான் விசாரிக்கவில்லை. நேற்று மாலை அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது.

நேற்று வேலி தாண்டும் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் விழவில்லை. குதிரைகளும் பையன்களும் முழுதாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். இனி நிம்மதியாகப் படி.

இரண்டு வாரம் விடாமல் பெய்த மழை செவ்வாய்க்கிழமைதான் ஓய்ந்தது. அதனால் பாதிப் பேர் வைக்கோல் வேலையை முடித்த கையோடு, தலையில் துரும்போடு வந்திருந்தார்கள். சிறுவர்கள் மேட்டிலிருந்து உருண்டுகொண்டிருந்தார்கள். பங்குத் தந்தை ஐஸ்கிரீமை அங்கியில் சிந்திவிட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் அது பறவையின் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாம் உட்காரும் இடத்திலேயே, கடைசி வேலிக்கு எதிரே, விரிப்பைப் போட்டேன். பழக்க தோஷத்தில் முட்டை சாண்ட்விச்சை இரண்டு பேருக்குச் செய்துவிட்டேன். உன் பங்கைப் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் சாப்பிட்டாள். அவளுக்கும் வெங்காயத்தாள் பிடிக்குமாம்.

டோனல் கடைசிப் பந்தயத்தில் ஓட்டினான். விழுந்து முறிந்த தொடை எலும்பு கூடியபின் இது அவனுக்கு நான்காவது பந்தயம். குதிரை, சவப்பெட்டி செய்யும் மார்ட்டி கிரீலியுடையது. பெயர் லேட் பஸ். நீ ஊரைவிட்டுப் போனபின் அவன் வாங்கிய பெண்குதிரை. பெயருக்கேற்ற வேகம்தான். அவள் சுற்றி நடந்து வரும்போது கம்பியோரம் நின்றவர்கள், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று மார்ட்டியைக் கேட்டார்கள். உங்களுக்கெல்லாம் ஒரு நாள் நான்தான் வண்டி அனுப்புவேன், அப்போது சீக்கிரம் என்று குறை சொல்லாதீர்கள் என்றான் மார்ட்டி.

ஆனால் தாண்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வகுப்பில் உரக்கப் படிக்கும்போது நீண்ட சொல் ஒன்று வந்தால் சில பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், சிலர் பாதியை விழுங்கிவிட்டு ஓடுவார்கள். அபூர்வமாக ஒரு பிள்ளை, சொல் வருவதற்கு முன்பே அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, மூச்சு மாறாமல் படித்துப் போகும். லேட் பஸ் அந்தப் பிள்ளை. ஒவ்வொரு வேலியிலும் மற்றவர்களைவிட ஒரு குதிரை நீளம் சம்பாதித்துவிடுவாள். வேலி இல்லாத இடத்தில் அதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பாள். ஆக, வேலிகள் இருந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு.

எட்டரை மணிக்கு, கடைசிப் பந்தயத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேகம் முழுக்க விலகிவிட்டது. ஜூலையில் இங்கே இரவு பத்து மணிவரை வெயில்தானே. முடிவுக் கம்பத்துக்குப் போகும் நேர்ப் பாதை மேற்கே பார்த்தது என்பது உனக்குத் தெரியும். பள்ளி விட்டு அந்தப் பக்கம் கார் ஓட்டும்போது கண்ணாடியில் வெயில் அறைந்து, சாலையோரத்தை டயரால் தடவித் தடவிப் போவேனே, அதே வெயில். மைதானப் பொறுப்பாளர் மூன்று ஜாக்கிகளை அழைத்துக்கொண்டு என் எதிரே இருந்த வேலிக்கு நடந்து வந்தார். வெயில் கண்ணில் அடித்தால் வேலியைப் பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டு, கொடி நட்டுச் சுற்றிப் போகச் சொல்வார்கள் இல்லையா? அதைக் கேட்கத்தான் வந்தார். மூவரில் டோனலும் ஒருவன். ஒரு பையன் பரவாயில்லை, தாண்டலாம் என்றான். இன்னொருவன் நீங்கள் சொல்கிறபடி என்று நழுவிவிட்டான். டோனல் வேலிக்கு இருபது அடி முன்னால் போய், குதிரையின் உயரத்துக்குத் தலையைக் கொண்டுவர ஒரு கட்டைமேல் ஏறி நின்று பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். மார்ட்டி கம்பிக்கு அப்பாலிருந்து கையால் வாயைப் பொத்திக் காட்டிக்கொண்டிருந்தான்.

டோனல் இறங்கி வந்து சொன்னான்: “எனக்கு வேலியோட அடிக்கட்டை தெரியலை சார். எனக்கே தெரியலைன்னா அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த நேர்ப் பாதையில இருக்கற ரெண்டு வேலியையும் எடுத்துருங்க.”

எடுத்துவிட்டார்கள். பந்தயம் இரண்டு சுற்று என்பதால் மொத்தம் நான்கு தாண்டல் போயிற்று. மார்ட்டி தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டான்.

“ஏண்டா, உனக்கு வாய் எதுக்குக் குடுத்தாரு கடவுள்? சோறு திங்க மட்டும் வச்சுக்கக் கூடாதா?”

“நீங்க பெட்டி செய்யறவரு. உங்களுக்கு ரெண்டு பக்கமும் லாபம்தான் மார்ட்டி அண்ணே” என்று சொல்லிவிட்டு அவன் ஏறிப் போய்விட்டான். மேடு முழுவதும் சிரித்தது. மார்ட்டியும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

வேலி குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் டோனல் தொடக்கத்திலேயே அவளை முன்னால் விட்டுவிட்டான். எதிர்ப்பக்க வேலிகளில் அவள் தாண்டியதை நீ பார்த்திருக்க வேண்டும், நோரீன். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மேடே ஒன்றாக மூச்சை இழுத்தது. இரண்டாம் சுற்றில் வளைவு திரும்பும்போது ஆறு நீளம் முன்னால் இருந்தாள். அதற்குப் பிறகு வெறும் புல், முடிவுவரை ஒரு வேலி இல்லை. ஆறு நீளம் நான்காகி, இரண்டாகி, நான் விரிப்பிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கைக்குழந்தைக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, போ பஸ்ஸே, போ பஸ்ஸே என்று கத்தினாள். முடிவுக் கம்பத்துக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு சாம்பல் குதிரை வந்து ஒரு கழுத்து நீளம் முந்திப் போய்விட்டது. லேட் பஸ் இரண்டாவது.

அவளுக்கு அது தெரியவே இல்லை. காதுகளை நிமிர்த்திக்கொண்டு, ஜெயித்த குதிரை நிற்க வேண்டிய இடத்துக்கே நேராகப் போனாள். டோனல் சிரித்துக்கொண்டே கடிவாளத்தை இழுத்துத் திருப்பினான். மார்ட்டி அவள் நெற்றியில் முத்தமிட்டான். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி உன் மகன் நெற்றியிலும் ஒன்று.

இனி உனக்கு மட்டும் எழுத வேண்டியது. நான் போய்ப் பாராட்டியபோது, உனக்குக் கடிதம் எழுதுவேனா என்று கேட்டான். எழுதுவேன் என்றேன்.

“ரெண்டாவது வந்தேன்னு மட்டும் எழுதுங்க டீச்சர். வேலியை எடுக்கச் சொன்னதை எழுதாதீங்க. பையன் பயந்துட்டான், இதோட விட்டுருவான்னு அம்மா சந்தோஷப்படுவாங்க. நான் விட மாட்டேன். அவங்களை ஏமாத்தக் கூடாது.”

நான் வாக்குக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுவேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன்.

மருத்துவமனையில் அவன் கட்டிலருகே, சேணத்தை விடும்வரை என்னோடு பேசாதே என்று நீ சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். ஒரு தாய் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருக்க முடியாது. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அவன் விடப்போவதில்லை. உன்னைத் தேற்றுவதற்காக இதை மறைக்க மாட்டேன், அடுத்த வாரமும் ஓட்டுகிறான், அதற்கடுத்த வாரமும். ஆனால் நாற்பது ஆண்டு பிள்ளைகளைப் பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தைரியசாலி என்று பேர் வாங்க எழுந்து நிற்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. எல்லோர் முன்னாலும், தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். குதிரைமேல் உட்கார்ந்திருப்பவன் அந்தப் பிள்ளை.

உன் மூட்டுவலி குறையட்டும். பேரக் குழந்தைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், புல்வெளியில் குதிரை ஓட்டுகிறவனையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் மாலை நான்கு மணிக்கு அவனுக்குப் போன் செய். இங்கே காலை ஒன்பது. குதிரையின் காலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பான். அவன் காலைப் பற்றிக் கேட்காதே. அவள் காலைப் பற்றிக் கேள்.

என்றும் உன்,
பிரீடா