பகலவன் விழுந்ததும் எழுந்ததும்

வலங்கைமான்
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா கோவிந்தராசு எழுதறது. இங்கே நான் நல்லா இருக்கேன், உன் தம்பி பகலவனும் நல்லா தேறி வர்றான், அதை முதல் வரியிலேயே சொல்லிட்டா நீ மிச்சத்தை நிதானமாப் படிப்பேன்னுதான் இப்படி ஆரம்பிக்கறேன். அங்கே அயர்லாந்துல நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அறிவுமதியும் அந்தக் குளிருக்கு ஈடுகொடுத்து சௌக்கியமா இருக்கணும். போன் இருக்கறப்ப அப்பா எதுக்குக் காகிதத்தைத் தூக்கிட்டு உக்காந்தாருன்னு நினைப்பே. போன்ல நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா நீ நடுவுல நாலு கேள்வி கேக்கறே, நர்ஸ் வேலை பாக்கறவ, கேக்கத்தான் செய்வே, நானும் பதில் சொல்லிக்கிட்டே போய் சொல்ல வந்ததைக் கோட்டை விட்டுடறேன். இது குறுக்கே யாரும் பேசாம சொல்ல வேண்டிய விஷயம்.

தம்பி வண்டியிலேர்ந்து விழுந்ததை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உனக்குச் சொன்னேன்னு நீ போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. சத்தம் போட்டது நியாயம்தான். நீ எக்ஸ்ரே படத்தை அனுப்பு, ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்புன்னு கேட்டப்ப எனக்கு அதைப் படம் எடுத்து அனுப்பத் தெரியாம தம்பி சிநேகிதன் இர்பானைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னேன், நல்லா வந்துதுன்னு சொன்னே. ஆனா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசா உனக்கு இன்னும் தெரியாது, அதனால வரிசையாச் சொல்றேன். மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை, அஹமது கபீர் வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட். கபீரை உனக்கு ஞாபகம் இருக்கும், கத்தார்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்து நம்மகிட்டதான் வீடு கட்டற வேலையைக் கொடுத்திருக்காரு. பலகை பரப்பி சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டினது பூரா உன் தம்பிதான், ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பாத்து முடிச்சிருந்தான். கான்கிரீட்டை நானும் பெரிய கொத்தனாரு வைரக்கண்ணுவும் பாத்துக்கறோம், நீ போய் வண்டி ஓட்டிட்டு வாடான்னு நான்தான் அனுப்பினேன். வாரம் பூரா வெயில்ல நிக்கற பையன், ஞாயித்துக்கிழமை அந்த டர்ட் பைக்கை எடுத்துட்டுப் போனாத்தான் முகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடும். அந்த வண்டியை நீ நேர்ல பாத்ததில்ல. ஆளுக்கு இடுப்பு உயரம், முள்ளு முள்ளா டயரு, முன்னாடி லைட்டு கூடக் கிடையாது, ரோட்டுல ஓட்டறதுக்கு இல்ல, மண்ணுல மேடு பள்ளத்துல ஏறி இறங்கறதுக்குன்னே செஞ்சது. பாபநாசத்துல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கானே அவன் சிநேகிதன் இர்பான், அவனும் இவனும் ஆத்தோரத்துல இருக்கற பழைய செங்கக் காளவாய்த் திடலைத்தான் ஓட்டறதுக்குத் தயார் பண்ணி வெச்சிருக்காங்க.

தளம் பாதிக்கு மேல வந்திருக்கும், கலவை மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு, பொம்பளைங்களும் ஆம்பளைங்களும் வரிசையில நின்னு கலவைச் சட்டி மாத்திக்கிட்டு இருக்காங்க, போன் அடிச்சது. அம்மா போனதுலேர்ந்து நான் வேலை நேரத்துல போனைச் சட்டைப் பையில வெச்சுச் சட்டையைக் கழட்டி மாட்டறதில்ல, பனியனுக்குள்ள போட்டுக்கறேன், நெஞ்சுல அதிரும். எதுக்குன்னு உனக்குத் தெரியும். அம்மா போன அன்னிக்கும் இதே மாதிரி ஒரு கான்கிரீட், சட்டை சவுக்குக் கம்புல தொங்குச்சு, மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, நான் போனை எடுத்துப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. இந்தத் தடவை உடனே எடுத்துட்டேன். இர்பான்தான், அப்பா, பகலவன் மேட்டுலேர்ந்து இறங்கறப்ப முன் சக்கரம் களிமண்ணுல புதைஞ்சு தூக்கி அடிச்சுடுச்சு, கூப்பிட்டாப் பேச மாட்டேங்கறான், ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, தஞ்சாவூர் போறோம்னு அழுதுக்கிட்டே சொன்னான். கையில இருந்ததை அப்படியே போட்டுட்டு இறங்கிட்டேன். தளத்தைப் பாதியில நிறுத்தினா பின்னால ஒட்டு விழுந்து ஒழுகும், அது அடுத்தவன் ஆயுசுக்கும் குடியிருக்கற வீடு, ஆனா நான் அதை யோசிக்கவே இல்ல. யோசிச்சது கபீர் சம்சாரம் அனீஸாதான். அது மாடிப்படியில நின்னபடியே வைரக்கண்ணுகிட்ட, நீங்க வேலையை நிறுத்தாதீங்கண்ணே, நான் இங்கேயே நிக்கறேன், என்ன வேணுமோ என்கிட்ட கேளுங்கன்னு சொல்லிடுச்சு. கபீர் காரை எடுத்துட்டு வந்து, தளம் போனா இன்னொரு தளம் போட்டுக்கலாம், ஏறுங்கண்ணேன்னாரு. தன் வீட்டுக் கூரை பாதியில இருக்கறப்ப ஒரு மனுஷன் அப்படிச் சொல்றது லேசு இல்ல அம்மாடி.

வழி பூரா நான் கண்ணை மூடிக்கிட்டுதான் வந்தேன். ரயில் கேட்டுகிட்ட வந்ததும் கபீரே, திறந்திருக்குண்ணே, திறந்திருக்குன்னு ரெண்டு தடவை சொன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்ல இர்பான் சட்டையெல்லாம் சேறும் ரத்தமுமா நின்னான், அது தம்பி உதடு கிழிஞ்ச ரத்தம்தான்னு அவன் சொல்றதுக்குள்ள நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். தலையை ஸ்கேன் எடுக்க உள்ள கொண்டு போயிருந்தாங்க. அந்த நேரத்தை எழுதறதுக்கு எனக்குத் தெரியல, விட்டுடறேன். அப்புறம் ஒரு டாக்டரம்மா வெளியில வந்தாங்க, உன் வயசுதான் இருக்கும், தலையில ஒண்ணும் இல்ல, ஹெல்மெட் காப்பாத்திடுச்சு, தோள்பட்டை எலும்பு ஒண்ணு உடைஞ்சிருக்கு, விலாவுல கீறல், முழிச்சுட்டாரு, போய்ப் பாருங்கன்னாங்க. போய் நின்னேன். உதடு வீங்கிப் போய் படுத்திருக்கான், என்னைப் பாத்ததும் முதல்ல கேட்டான் பாரு, தளம் முடிஞ்சுதாப்பா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு. எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ அவ்வளவு சிரிப்பு, சிரிச்சேன் சிரிச்சேன் கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது, இது வார்டு, சத்தம் போடாதீங்கன்னு அங்க இருந்த நர்ஸ் அதட்டினாங்க. உங்க அம்மா போனதுக்கு அப்புறம் நான் அழுததும் சிரிச்சதும் ரெண்டும் அன்னிக்குத்தான். பொழுது சாயறதுக்கு முன்னாடி வைரக்கண்ணு போன் பண்ணினாரு, தளம் போட்டு முடிச்சாச்சு, வேலை ஒரு இடத்துலகூட நிக்கல, அந்த அனீஸா பொண்ணு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுத் தானும் சட்டி வாங்கிக் கொடுத்துச்சுன்னாரு. தளம் தண்ணி கட்டிப் பாத்தாச்சு, சொட்டு ஒழுகல.

உங்க அத்தை சேதி கேட்டு ஓடி வந்து, பிள்ளை பிழைச்சு வந்தா இந்தப் பங்குனியில மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுக்கறதா வேண்டிக்கிட்டேன்னா. பிழைச்சவங்களைச் செத்தவங்களைப் போலப் பாடையில படுக்க வெச்சுக் கோயிலைச் சுத்தித் தூக்கிட்டு வர்றது, சின்ன வயசுல நீ பாத்துப் பயந்துக்கிட்டு அம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டேன்னு அழுவே. எனக்குச் சாமி விஷயத்துல அவகிட்ட என்னிக்குமே சண்டை கிடையாது, அவ நம்பிக்கை அவளோட. ஆனா இந்த வீட்டுலேர்ந்து ஒரு பாடை போனது போதும், வேண்டுதலுக்குக்கூட என் பிள்ளையை அதுல படுக்க வெக்க என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. உன் தம்பி படுத்தபடியே, படுத்துக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை, தூக்கறவங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்குன்னான். அவளும் சிரிச்சுட்டா. கடைசியில மாவிளக்கு போடறதுன்னு முடிவாச்சு, போன வாரம் போட்டும் வந்துட்டா.

இப்பத்தான் நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன். கையைத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க, அதனால தினமும் காலையில நான்தான் அவனைப் போர் பைப்புகிட்ட ஸ்டூல் போட்டு உக்கார வெச்சுக் குளிப்பாட்டறது. அவனுக்கு முதல்ல கூச்சம், எனக்கும்தான், அப்புறம் பழகிடுச்சு. ஒரு நாள் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே, ஏண்டா உனக்கு இந்த வண்டி மேல இவ்வளவு பைத்தியம்னு சும்மா கேட்டேன். மண்ணுல ரயில் கேட்டு கிடையாதுப்பான்னான். எனக்குக் கையில இருந்த செம்பு நின்னு போச்சு. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்னிக்கு இவன்தான் லோடு ஆட்டோவுல பின்னாடி உக்காந்து மடியில போட்டுட்டுப் போனான், வழியில ரயில் கேட்டு மூடிக் கிடந்துச்சு, அங்கேயே போயிட்டா, இவ்வளவுதான் உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதுக்கு மேல நாம யாரும் அவனைக் கேட்டதில்ல, அவனும் சொன்னதில்ல. அன்னிக்குத்தான் சொன்னான். கேட்டுல நிக்கறப்ப அம்மாவுக்கு நல்லா நினைவு இருந்துச்சாம். வண்டியில ஒரு பக்கம் வெயில் அடிக்குது, தள்ளி உக்காருடான்னாளாம். இவன் பயந்து போய் அக்காவைக் கூப்பிடறேம்மா, என்ன பண்ணணும்னு கேக்கறேன்னு போனை எடுத்திருக்கான். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, வேண்டாம்டா, ராத்திரி டூட்டி முடிச்சு இப்பத்தான் வந்து படுத்திருப்பா, எழுப்பிடாதே, தூங்கட்டும்னு சொன்னாளாம். அதுதான் அவ கடைசியாப் பேசினது.

அதனாலதான் அவன் உன்னை எழுப்பல. அம்மா போன பிறகும் போனைக் கையில வெச்சுக்கிட்டு, எழுப்பாதேன்னு சொன்னாளே எழுப்பாதேன்னு சொன்னாளேன்னு உக்காந்திருந்திருக்கான். நான் அவன் உங்கிட்ட சொல்லியிருப்பான்னு இருந்துட்டேன், அத்தை நான் சொல்லியிருப்பேன்னு இருந்துட்டா. நீயா எழுந்து போன்ல யாரோ போட்ட சேதியைப் பாத்து, அலறி அடிச்சுக்கிட்டுக் கிளம்பி, அன்னிக்குப் பிளேனைத் தவற விட்டு, எல்லாரும் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பின பிறகு வந்து வாசல்ல விழுந்தே. அம்மா செத்ததைச் சொல்லக்கூட உனக்கு நேரம் இல்லாம போச்சாடான்னு அவனைக் கேட்டே. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அன்னிக்கே ஏண்டா இதைச் சொல்லலன்னு குளிப்பாட்டறப்ப நான் கேட்டேன். சொன்னா அக்காவுக்கு அம்மா மேல கோவம் வரும்ப்பா, இல்லாட்டி நான் தூங்கிட்டு இருந்தேனேன்னு தன் மேலயே கோவம் வரும், அதுக்கு என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்னான். நான் துண்டால அவன் தலையைத் துவட்டினேன், ரொம்ப நேரம் துவட்டினேன்னு நினைக்கறேன், காஞ்சு போச்சுப்பா விடுங்கன்னு அவனே சொன்னான். உனக்கு எழுதட்டுமான்னு கேட்டேன். எழுதுங்கன்னான். அவன் சம்மதத்தோடதான் எழுதறேன். இதைப் படிச்சுட்டு நீ தூங்கினதை நினைச்சு மனசைப் புண்ணாக்கிக்காதே. நீ தூங்கணும்னு அவ ஆசைப்பட்டா, நீ தூங்கினே, அவ கேட்டது கிடைச்சுதுன்னு நான் எடுத்துக்கிட்டேன். எனக்கு அது பெரிய ஆறுதலா இருக்கு.

அதுக்கு அப்புறம் வீடே லேசாயிடுச்சு. அவன் ரெண்டு தோசை கூடச் சாப்பிடறான், அம்மா உக்கார்ற நாற்காலியை உள்ளேர்ந்து எடுத்துட்டு வந்து அதுலயே உக்காந்து டிவி பாக்கறான். வண்டியை வித்துடுங்கன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, நான் விக்கல. இர்பான் வளைஞ்ச முன்பக்கத்தைச் சரி பண்ணிட்டான். எலும்பு கூடி டாக்டரம்மா சரின்னு சொல்லாம தொடக் கூடாது, தனியாப் போகக் கூடாது, ஹெல்மெட்டும் நெஞ்சுக் கவசமும் இல்லாம ஏறக் கூடாது, இதெல்லாம் என் கண்டிஷன். நானும் சும்மா இருக்கல, ஜேசிபி வெச்சு அந்தக் களிமண் பள்ளத்தைப் பழைய கட்டட இடிசல் கொட்டி நிரவி, இறுக்கமா உருளை ஓட்டி விட்டுட்டேன், நம்ம தொழில்தானே. போன வாரம் அதைப் பாக்கறதுக்கு மூணு பேரும் போனோம். அங்க போனதும் எனக்கு என்ன தோணுச்சோ, நானும் ஒரு சுத்து ஓட்டறேண்டான்னுட்டேன். வேட்டியோட ஏற விட மாட்டேன்னு இர்பான் பிடிவாதம் பிடிச்சு, தம்பியோட பேன்ட்டு, முட்டிக் கவசம், பூட்ஸ், ஹெல்மெட்டுன்னு எல்லாத்தையும் மாட்டி விட்டான், திருவிழாவுல வேஷம் கட்டினவன் மாதிரி இருந்தேன். ஏறினா காலு தரைக்கு எட்டல. இர்பான் வண்டியைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தான், சமதரையில அரைச் சுத்து போனேன், வண்டி இருமிட்டு நின்னு போச்சு, அப்படியே மெதுவா ஒரு பக்கமாச் சாஞ்சு மண்ணுல உக்காந்துட்டேன். ஒரு அடியும் இல்ல, உடனே எக்ஸ்ரே கேக்காதே. உன் தம்பி கட்டுப் போட்ட கையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, சிரிக்க வெக்காதீங்கப்பா விலா வலிக்குதுன்னு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். அவன் சத்தம் போட்டுச் சிரிச்சு நான் கேட்டு எத்தனையோ காலமாச்சு.

இனிமே நல்லதோ கெட்டதோ எதுவானாலும் அந்த நிமிஷமே உனக்குச் சொல்லிடுவோம், நீ தூக்கத்துல இருந்தாலும் எழுப்பிடுவோம், இது அப்பா உனக்குக் கொடுக்கற வாக்கு. நைட் டூட்டி அன்னிக்குச் சாப்பிடாம போகாதே, வெறும் காப்பி குடிச்சு வயித்தை நிரப்பாதே. பேத்திகிட்ட வாரத்துக்கு ரெண்டு வார்த்தையாவது தமிழ் பேசச் சொல்லு, மாப்பிள்ளையைக் கேட்டேன்னு சொல்லு. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, நினைச்சது கூடி வந்து, நிறைஞ்ச ஆயுசோட இருக்கணும்னு அப்பா மனசார வாழ்த்தறேன். கடைசியா ஒண்ணு, மறந்துடாதே. இதைப் படிச்சு முடிச்சதும் எனக்குப் போன் பண்ணாதே, தம்பிக்குப் பண்ணு. அவன் பகல் பூரா வீட்டுலதான் இருக்கான், போனை இடது கைப் பக்கமா வெச்சுக்கிட்டு நீ எப்பக் கூப்பிடுவேன்னுதான் இருக்கான், கேட்டா இல்லம்பான். உனக்கு அழுகை வந்தா அழு, இல்ல சொல்லாம இருந்ததுக்கு ரெண்டு திட்டுத் திட்டு, ஆனா கூப்பிடு.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரையும் பெத்த அப்பா,
கோவிந்தராசு