என் மகன் எழுதியதாகச் சொல்லும் கடிதம்

கோபை ஏரிக்கரை, போயோத்தியா
தெய்லூதியோஸ் மாதம், ஏழாம் நாள்

சாமிகோஸுக்கு (நீ சாமிகோஸாக இருந்தால்), அப்பா இஸ்மெனியாஸ் நலம் விசாரித்து எழுதுவது.

வந்த கடிதத்தை நானே படிக்கிறேன் என்று விலாங்குச் சந்தை நடுவில் நின்று பெருமையாகப் பிரித்தேன். மூன்றாம் வரியில் திணறிவிட்டேன். "என்னய்யா, பெத்த பிள்ளை எழுதினது புரியலையா?" என்று மீன்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஏதென்ஸிலிருந்து வந்த ஒயின் வியாபாரிதான் படித்துச் சொன்னார். எல்லா ஊருக்கும் பொதுவென்று கிளம்பியிருக்கும் அந்தப் புதுப் பேச்சு. நம் ஊர்ச் சொல் ஒன்றுகூட இல்லை. மாதத்தின் பெயர்கூட மாசிதோனியருடையது.

உன்னைப் போலவே எகிப்துப் படைக்குப் போன பக்கத்து வீட்டு நிகரெத்தாவின் மகன் அங்கே செத்த பிறகும், தாய் தாங்கமாட்டாள் என்று கூட்டாளிகள் அவன் பெயரில் இரண்டு வருடம் எழுதினார்கள். அதனால் கேட்கிறேன். உன் அக்கா கல்யாணத்தன்று ஏரியில் விழுந்தது எது?

அப்பா

அலெக்சாந்திரியா
தைசியோஸ் மாதம், பத்தாம் நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

விழுந்தது நீங்கள்தான், விலாங்குக் கூடையோடு. ஆடு முட்டியது என்று இன்றும் சாதிப்பீர்கள்.

உயிரோடுதான் இருக்கிறேன். எழுதுவதும் நானே; இங்கே கற்றேன். கூடாரத்தில் கிரேத்தன், தெசாலியன், ரோடியன், ஆளுக்கொரு பேச்சு. முதல் வருடம் நான் வாய் திறந்தாலே, "டேய், போயோத்தியாப் பன்னி உறுமுதுடா!" என்பார்கள். சமையல், சண்டை, காவல் எல்லாம் பொதுப் பேச்சில்தான். இப்போது கனவும் அதில்தான் வருகிறது. என் மகனுக்கு நான்கு வயது. வேறு பேச்சு தெரியாது. வசந்தத்தில் கப்பல் ஓடத் தொடங்கியதும் மனைவி, மகனோடு வரட்டுமா? அவன் பேசுவது புரியாமல் உங்களுக்கு வெறுத்துப்போகுமோ என்று பயம்.

சாமிகோஸ்

கோபை
தமாத்ரியோஸ் மாதம், மூன்றாம் நாள்

சாமிகோஸுக்கு,

ஆடு முட்டியதுதான். அதில் மாற்றமில்லை.

ஆனால் அந்தக் கதையைக் கூடாரத்தில் பத்து முறை சொல்லிச் சிரித்திருப்பாய். கேட்டவன் எவனும் எழுதலாமே. இப்படியே யோசித்து நாலு நாள் வலை போடவில்லை. பிறகு ஏதென்ஸ்காரரிடம் போய், "பேரன்கிட்ட பேசணும், கத்துக்குடுங்க" என்றேன்.

"இந்த வயசுல நாக்கு வளையுமாய்யா?"

"விலாங்கு தின்ன நாக்கு, வளையும்."

வா, உட்கார், சாப்பிடு, மூன்றும் வந்துவிட்டன. நான் சொல்வதைக் கேட்கச் சந்தையில் கூட்டமே கூடுகிறது. மூன்று பேரும் வாருங்கள்.

"அப்ப, உங்க மகன்தான்னு நிச்சயமாயிடுச்சா?" என்று அவர் கேட்டார்.

"பின்னே?" என்று சத்தமாகச் சொன்னேன். இன்னும் நிச்சயமில்லை, ஆனாலும் என் மகன் பெயரைச் சொல்லி யார் வந்து இறங்கினாலும் கதவைத் திறப்பேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அப்பா