நின்ற நேரம்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்பும் மனசும் சேர்ந்தே சௌக்கியமாக இருக்க வேண்டும். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்ததும் நீ போனை எடுப்பாய் என்று தெரியும், எடுக்காதே, முதலில் முழுவதும் படி. போனில் நான் பாதி சொல்வதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டு மீதியை அவள் பாணியில் சொல்லிவிடுவாள், அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான். அந்த ஒரு வருஷப் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் அங்கே வரப்போவதில்லை. முடிவு தெரிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது பட்டியல் இன்னும் ஒட்டவில்லை என்று சொன்னேனே, அது பொய். நீ அந்த அறைக்குப் பெயின்ட் அடித்து, ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்று அப்பாவுக்கு ஒன்று அம்மாவுக்கு என்று எழுதிப் படம் அனுப்பியிருந்தாய். அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வது.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் முன்னேற வாய்ப்பு என்று சுற்றறிக்கை வருவது புதிதில்லை, வருஷத்துக்கு ஒன்று வரும், வந்ததும் கத்தி பிடிக்கிற பெரிய டாக்டர்கள் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இறந்தவர்களை வைத்துப் பாடம் சொல்கிற உடற்கூறியல் ஆசாமிகளை யாரும் சீந்துவதில்லை. இந்தத் தடவைதான் எங்கள் துறைக்கென்று ஒரு இடம் ஒதுக்கினார்கள், அதுவும் நீ இருக்கிற ஊரிலேயே. ஒரு வருஷம் படித்துவிட்டுத் திரும்பினால் பேராசிரியர் பதவி. பதினான்கு வருஷமாக நான் இணைப் பேராசிரியர், இந்த இணையைக் கழற்றிவிட்டு ஒரு நாளாவது வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும். வயது வரம்பு ஐம்பத்தைந்து. அடுத்த மாதம் நான் அதைத் தாண்டுகிறேன், ஆகவே இன்னொரு தடவை என்ற பேச்சே இல்லை.

சரி, ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பாய். படிவத்தில் ஆறாவது கேள்வி, வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு எடுக்கிறீர்கள் என்பது. நான் என் அழகான கையெழுத்தில் இரண்டு என்று எழுதினேன். சிரிக்காதே. எங்கள் துறையில் வகுப்பு என்றால் பெரிய கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது மட்டும்தான். டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது இறந்த உடலை அறுத்துப் படிக்கிற கூடத்தில், மேஜை மேஜையாகப் போய், பிள்ளைகள் கையைப் பிடித்து இது நரம்பு, இது ரத்தக்குழாய், இதை வெட்டிவிடாதே என்று காட்டுகிற பதினைந்து மணி நேரத்துக்கு எங்களிடம் வேறு பெயர். அதற்கு நிற்பது என்று பெயர். இன்னிக்கு யார் நிக்கிறாங்க, மத்தியானம் எனக்கு நிக்கணும், அவருக்குக் காய்ச்சல், நீங்க கொஞ்சம் நின்னுடுங்க சார், இப்படித்தான் நான் சேர்ந்த நாளிலிருந்து பேசிக்கொள்கிறோம். இருபத்தாறு வருஷம் அப்படியே பேசிப் பேசி, அது வகுப்பு என்றே என் புத்தியில் ஏறவில்லை. கேள்வி வகுப்பைப் பற்றிக் கேட்டது, நான் வகுப்பைச் சொன்னேன். தேர்வுக் குழுவிலிருந்து ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது, கற்பித்தலில் போதிய ஈடுபாடு இல்லை என்று. மற்ற எதை எழுதியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆராய்ச்சி இல்லை, கட்டுரை இல்லை, ஆங்கிலம் போதாது, எல்லாம் உண்மைதான். கற்பித்தலில் ஈடுபாடு இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன், சட்டை துவைக்கப் போடும்போது அம்மா எடுத்துப் படித்துவிட்டாள்.

இடம் கிடைத்தது யாருக்கு என்றால் நம் ஸ்லைடுக்கு. என்னிடம் படித்து இப்போது எங்கள் துறையிலேயே வேலை பார்க்கிறவன்தான், எதற்கெடுத்தாலும் ஸ்லைடு போட்டுக் காட்டுவான் என்று நீதான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாய். அவன் படிவம் நிரப்பும்போது என்னிடம்தான் வந்து கேட்டான், சார், ஹால்ல நிக்கிறதையும் வகுப்புல சேர்த்துக்கலாமா என்று. நான் பெரிய யோக்கியன் மாதிரி, வகுப்பு வேற நிக்கிறது வேற தம்பி, உள்ளதை உள்ளபடி எழுதணும் என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவன் அலுவலகத்துக் கிளார்க்கிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கிறான். அவர் தாராளமா சேருங்க என்றிருக்கிறார், சேர்த்துவிட்டான். அவன் எழுதியது பொய் இல்லை, அவனும் நிற்கிறான்தான். அவன் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சார், நான் வேணா எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன், நீங்க போங்க என்றான். அப்படியெல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது என்று அவனுக்கும் தெரியும், இருந்தாலும் சொன்னான். வாசல் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. அவன் வந்துபோன மறுநாளே கல்லூரி முதல்வர் அறைக்குப் போனேன். அவர் என்னைவிட ஒன்பது வயது சின்னவர், மரியாதையாக உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். சார், நீங்க எழுதினதைத்தானே அவங்க படிச்சாங்க, அதுக்கு நான் என்ன பண்ணட்டும் என்றார். தப்பு என்னுடையதுதான், திருத்தி அனுப்புகிறேன் என்றேன். சரி, நின்னதுக்கு ஆதாரம் கொண்டு வாங்க, நானே கடிதம் எழுதறேன் என்றார். நம்பிக்கையோடு துறைக்கு ஓடிப்போய் ஹால் பதிவேடுகளை எல்லாம் இறக்கினேன். அலமாரி நிறைய இருக்கின்றன, பக்கம் பக்கமாக மாணவர்களின் கையெழுத்து, எந்த மேஜை, எந்த உறுப்பு, எத்தனை மணிக்கு வந்தார்கள், எல்லாம் இருக்கிறது. நின்ற ஆசிரியர் கையெழுத்துப் போட அதில் ஒரு கட்டம் கிடையாது. இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தரையைத் துடைத்துக்கொண்டே நான் தேடுவதைப் பார்த்தார். சார், நான் வந்து சொல்றேன், நீங்க நின்னதை என்னைவிட யார் பார்த்தா என்றார். அவரை அழைத்துக்கொண்டு போனேன், உன் அப்பா அந்த நிலைமைக்கு வந்துவிட்டார். முதல்வர் அவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, வாய் வார்த்தையைக் கடிதத்தோட எப்படி சார் இணைக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பெரியவர் வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார், எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தக் காகிதத்தைப் படித்த மறுநாள் சாப்பிடும்போது அம்மா, தினமும் சாயங்காலம் கால் வலிக்குதுன்னு வெந்நீர் வைக்கச் சொன்னீங்களே, அது எந்த ரெண்டு மணி நேரத்துல வந்த வலி என்று கேட்டாள். படிவத்தை என்கிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேனே என்றாள், அதுவும் நிஜம். ஆனாலும் அவள் உனக்காக வாங்கி வைத்ததையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கியபோது என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, குறை சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. இந்த வாரம் ஹாலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒரு பெண் வந்து சார், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். எழுந்து நிற்க மனசு வரவில்லை. எதற்காக நிற்க வேண்டும் என்று தெரியவில்லை வாலு, நிஜமாகவே தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, இரண்டாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள், வழக்கம்போல அம்மா மட்டும் வந்தாள். அப்பா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, அப்பா காலேஜ்ல நிக்கிறார் டீச்சர் என்று நீ சொன்னாய். அப்படியா, என்ன தப்பு பண்ணினார் என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்ததாம். நீ வீட்டுக்கு வந்து என்னோடு பேசமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய். அதை வைத்து எத்தனை வருஷம் உன்னைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது யோசித்தால், உன் ஆண்டு விழா, உனக்கு அம்மை போட்ட வாரம், நீ சைக்கிள் கற்றுக்கொண்ட சாயங்காலங்கள், எல்லாவற்றிலும் நான் நின்றுகொண்டிருந்தேன். அது அத்தனையும் உன்னிடமிருந்து எடுத்த நேரம். எங்கேயோ ஒரு இடத்தில் அது சேர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு நாள் அதை வைத்தே உன்னிடம் வந்து ஒரு வருஷம் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு இடத்திலும் சேரவில்லை. அந்த டீச்சரின் கேள்விக்கு மட்டும் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. என்ன தப்பு பண்ணினேன் என்றால், நின்றதை வேலை என்று எழுதாமல் விட்டேன்.

அந்த அறையைப் பூட்டி வைக்காதே, மாப்பிள்ளை படிக்க எடுத்துக்கொள்ளட்டும். நாற்காலிகள் வேண்டுமானால் இருக்கட்டும். அவரிடம் நீயே பக்குவமாகச் சொல், எங்களுக்காக அலமாரியெல்லாம் அடித்து வைத்த மனுஷர், வருத்தப்படுவார். வேளாவேளைக்குச் சாப்பிடு, தலையைக் காயவைத்துவிட்டு வெளியே போ. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. நீயும் இப்போது வாத்தியார், உனக்கும் அங்கே வருஷா வருஷம் படிவம் வரும். குழந்தைகள் வார்டில் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாயே, அதை உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்ன பெயராக இருந்தாலும் அதையும் எழுது. ஒரு நிமிஷத்தைக் கூட விடாதே.

இப்படிக்கு,
இப்போது உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா