பழைய நகல் காட்டிய பெயர்

12-8-2010, வியாழன்

பேத்தி கவிதாவின் சிதம்பரம் ஆபீசில் யாரோ கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி வேலையெல்லாம் நின்றுபோனது. மாற்றியது யாரென்று காட்டும் புரோகிராம், அங்கேயே வேலை பார்க்கும் எங்கள் தெரு சேகர் பெயரைக் காட்டியதாம். அதை நம்பினேன். அவன் அம்மா கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது, உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே வாங்கி அனுப்பினேன்.

இன்று கவிதா சொல்கிறாள்: "அந்த புரோகிராம் முன்னாடி சேத்துவச்ச பழைய நகலைக் காட்டியிருக்கு ஆயா. அதை அழிச்சிட்டு மறுபடி பாத்தா என் பேரு வருது. மாத்துனது நான்தான்."

"ஆபீசுல சொன்னியாடி?"

"சொன்னா வேலை போயிடும். நீயும் வாயத் தொறக்காத."

நாளை சேகரை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்கள். இவளைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினேனே! விடிந்ததும் சேகர் வீட்டுக்குப் போகிறேன். கவிதாவிடம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.