ஈரம் இல்லை என்று சொன்னேன்

இன்று காலையில், கழுவ வந்த ஆள் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். கிழித்ததும் ஒரு வாடை எழும்பியது பார், சமையலறையில் நின்ற எனக்குத் தலையே சுற்றியது. மழையில் கிடந்த சாக்கு மாதிரி ஒரு வாடை. அதற்குள்ளே நீ நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாசமும் இருந்தது. நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ, நேற்றுத் தேய்த்த மாதிரி வந்து நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன்.

சோபா கழுவும் ஆளை நான் கூப்பிட்டது உன் தங்கச்சியின் பிள்ளைக்காக. போன கிழமை மடுல்சீமையிலிருந்து இருவரும் வந்திருந்தார்கள். பிள்ளை நேராகப் போய், சோபாவில் நீ உட்காரும் இடத்தில்தான் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தும்மல், இருமல், பிறகு விசில் மாதிரி இழுத்து இழுத்து ஒரு மூச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் விட்டேன். பத்து நிமிடத்தில் அவள் ஓடி விளையாடத் தொடங்கிவிட்டாள்.

வந்த ஆள் குஷனைக் கையால் அமுக்கிப் பார்த்தார். கழற்றித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி.

“சவக்காரத் தண்ணி ஊத்தித் தேச்சீங்களா டீச்சர்?”

“ஒரே ஒரு தரம்.”

“மேல காஞ்சிரும், உள்ள ஸ்பொஞ்சு காயாது. அதுக்கு மேல பிளாஸ்டிக்க வேற போட்டிருக்கீங்க. ஒக்காந்ததும் வாட வந்தா, தொடச்ச கறை திரும்பத் திரும்ப மேல வந்தா, ஒக்காந்தவங்களுக்குத் தும்மல் இருமல் வந்தா, அப்பவே எங்கள மாதிரி ஆளக் கூப்பிட்டிருக்கணும். இனிக் கழுவிப் பிரயோசனமில்ல. ஸ்பொஞ்சு முழுக்க மாத்தணும்.”

அவர் எண்ணிச் சொன்ன ஒவ்வொன்றும் நம் வீட்டில் நடந்தது. நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

அந்தச் சோபா வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட லயத்திலும் நான் ஸ்பிரிங்வெளி லயத்திலும் பிறந்து, ஒரே வகுப்பில் படித்து, ஒரே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகி, பதுளையில் வாடகை வீடு எடுத்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய முதல் பெரிய சாமான் அது. நீ பிளாஸ்டிக் உறையைக் கழற்றப் போனாய். அழுக்காகிவிடும் என்று நான் கையைத் தட்டிவிட்டேன். “அப்ப இது சோபா இல்லடி, சாமி. கும்பிட்டுட்டுத் தரையில ஒக்காருவோம்” என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது. உறையை மட்டும் விடவில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின கிழமை எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்தது. உறையைக் கழற்றி, ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மழை பிடித்தது, விடவே இல்லை. தீபாவளிக்கு ஆட்கள் வருவார்களே என்று, தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்ததும் பிளாஸ்டிக்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். அந்த வருடம் வந்தவர்கள் எல்லாரும் சோபா புதுசு மாதிரி இருக்கிறதே என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமை!

பிறகு உனக்கு இழுப்பு வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாய். எங்கே? அந்தச் சோபாவில். தலையணை வைத்து, போர்வை போர்த்தி, நான்தான் உன்னை அதில் உட்கார வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாழ்ப்பாணத்து டொக்டர், நல்ல மனிதர். நிதானமாக உன்னிடம் கேட்டார்.

“வீட்டில ஈரம், பூஞ்சணம் ஏதும் இருக்கோ? மெத்தை, சோபா ஏதும் மணக்குதோ?”

“இல்ல டொக்டர். ஈரமெல்லாம் இல்ல. நான் தெனம் கூட்டித் தொடைக்கிறேன்.”

கேட்டது உன்னிடம். பதில் சொன்னது நான். டொக்டர் உன் முகத்தைப் பார்த்தார். “ஆமாங்க டொக்டர், இவ இருக்கிற எடத்துல தூசி கூட பயந்து ஓடிரும்” என்றாய், மூச்சு வாங்க வாங்க. அவர் சிரித்துவிட்டு, வாயில் வைத்து இழுக்கும் பம்ப் எழுதிக் கொடுத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கச் சேர்ந்த முதல் கிழமை, என் சட்டையில் அடுப்புப் புகை வாடை அடிக்கிறது என்று ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, உட்கார்ந்திருந்த வாங்கை விட்டே எழும்பிப் போனாள். “அவ கெடக்குறா, நீ இங்கிட்டு வாடி” என்று நீதான் என்னை இழுத்து உட்கார வைத்தாய். அன்றிலிருந்து என்னை யாராவது அழுக்கு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் போகவே இல்லை. டொக்டரின் கேள்வியிலும் எனக்கு அதுதான் கேட்டது.

சோபாதான் உன்னைக் கொண்டுபோனது என்று ஒருவரும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம் என்றார்கள். சோபாவும் ஒரு காரணமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நீ போன பிறகும், மத்தியான வெயில் ஜன்னலால் விழும்போது அந்தப் பிளாஸ்டிக் தானாகச் சரக்கென்று சத்தம் போடும், யாரோ புரண்டு உட்கார்ந்த மாதிரி. “எழும்பிட்டியா? தேத்தண்ணி ஊத்தவா?” என்று எத்தனை நாள் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, பதிலுக்கும் நிற்பேன்.

ஸ்பொஞ்சு மாற்றச் சோபாவை லொறியில் ஏற்றிப் போன பிறகு மனசு கேட்காமல் உன் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். வாளித் தண்ணீர், டொக்டரின் கேள்வி, என் பதில், எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அக்காவுக்குத் தெரியும் டீச்சர். அதுல ஒக்காந்தாத்தான் இழுக்குதுன்னு எங்கிட்ட சொல்லிச்சி. டீச்சர்கிட்ட சொல்லிராத, அவ தாங்க மாட்டான்னு சொல்லிச்சி.”

சொல்லியிருக்கலாமேடி என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் நீ சொன்னாய். அந்தத் தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். “இதுல ஒரு மாதிரி வாட அடிக்குதுடி” என்றாய். நான் உன்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நீயே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். “வாடயெல்லாம் ஒண்ணுமில்லடி. எனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருக்கு, அதான் அப்படித் தெரிஞ்சிருக்கு” என்று சிரித்தாய். தடிமன் பிடித்தவளுக்கு வாடை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நம்பிவிட்டேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது.