காளை இரத்தத்தில் எட்டுக் கரண்டி சர்க்கரை

புத்தூர், திருச்சிராப்பள்ளி.
12.10.2025, ஞாயிறு, மாலை 4.20.

அன்பு மகள் லிசிக்கு,

சேசு மரி சூசை உன்னைக் காக்க. நானும் உன் அம்மாவும் நலம். ஹங்கேரிக்காரர் ஒருவரை மணக்க விரும்புவதாக ஜூன் 15ஆம் தேதி எழுதியிருந்தாய். இன்றோடு நூற்றுப் பத்தொன்பது நாள். பதில் வராததற்குத் தபால்காரர் பொறுப்பல்லர்.

நீ கொடுத்தனுப்பிய ஒயினையும் கடிதத்தையும் உன் தோழி ஷெர்லின் செப்டம்பர் 27, சனிக்கிழமை கொண்டுவந்து சேர்த்தாள். கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும் என்று தெரியும். மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்து பாட்டிலைத் திறந்தோம். ஒரு மிடறு குடித்ததுமே அம்மா முகத்தைச் சுளித்து, "ஏங்க, புளிச்சுப் போச்சுங்க. பாவம், என்ன விலை குடுத்து வாங்கினாளோ" என்றாள். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயினை வைத்துத்தானே எங்களுக்கு ஒயின் தெரியும்? பாதியை ஜாடியில் ஊற்றி, எட்டுக் கரண்டி சர்க்கரையும் நான்கு கிராம்பும் போட்டு, துணியால் வேடு கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை அந்த இரண்டாம் பக்கத்தை எடுத்து அவளே உரக்கப் படித்தாள். ஒயினின் பெயருக்குக் காளை இரத்தம் என்று பொருள், எகெர் ஊரில் கல்லைக் குடைந்த நிலவறைகளில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள், ஒரே வகைத் திராட்சையில் செய்ய முடியாது, பலவற்றைக் கலந்தால்தான் அந்தப் பெயர், இனிக்காது, காரமான இறைச்சிக் குழம்போடு குடிக்க வேண்டும். எல்லாம் எழுதியிருக்கிறாய். படித்து முடித்து, "பொண்ணு மேல இருந்த கோவத்துல ஒயினைக் கெடுத்தீங்களே" என்றாள். சர்க்கரை போட்டது யார் என்று கேட்டேன். "பக்கத்தை மடிச்சது யாரு?" என்றாள்.

அன்று மதியமே மிளகு தூக்கலாக ஆட்டுக்கறி சமைத்தாள். மீதிப் பாதியை அதனோடு குடித்தோம். முந்திய நாள் நாக்கை இழுத்த அதே ஒயின், கறியோடு வேறொன்றாக இருந்தது. நான் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

ஒரு திருத்தம். ஒயினுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான எகெர் கோட்டை முற்றுகை 1522 என்று எழுதியிருக்கிறாய். 1552 என்பதே சரி. பாட்டிலில் 2019 என்று இருந்தது. நீ மேற்படிப்புக்கு ஹங்கேரி புறப்பட்டது அவ்வாண்டு செப்டம்பர் 3, செவ்வாய். நீ அங்கே போய் இறங்கிய பருவத்தில் அந்த ஊர்த் தோட்டத்தில் பறித்த பழம். இதை நீ எழுதவில்லை, நானே கணக்கிட்டேன்.

அவருடைய ஆந்த்ராஷ் என்ற பெயர் நம்முடைய புனித பெலவேந்திரர் பெயர்தான் என்று கோயில் உபதேசியார் சொன்னார். அதுமுதல் அம்மா அவரைப் பெலவேந்திரன் என்றே சொல்கிறாள். காவிரிக்கரையில் முக்கொம்புக்கு அழைத்துப் போய் மீன் வறுவல் வாங்கித் தர வேண்டுமாம். மீனுக்கு இந்த ஒயின் சேராது என்று எழுதியிருக்கிறாய்; அங்கே அவருக்குத் தண்ணீர்தான்.

பங்குத்தந்தையை நான் பார்த்தது நேற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் திருமணம் வைப்பதில்லை. ஜனவரி 4, 11, 18 ஆகிய மூன்று ஞாயிறும் கோயிலில் மணமக்கள் பெயரை அறிவிக்கும் ஓலை வாசிக்கலாம் என்றார். மாப்பிள்ளை எந்தப் பங்கு என்று கேட்டார். எகெர் என்றேன். "லால்குடி பக்கமா?" என்றார்.

ஆகவே அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழை உடனே அனுப்பு. ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கட்டும். பெயரைத் தெளிவாக எழுது; எல்லார் முன்னும் வாசிக்க வேண்டிய பெயர்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக. உன் பதில் எத்தனை பக்கமானாலும் முழுவதும் படிப்பேன்.

உன் அப்பா,
ம. அருள்நாதன்