நின்றுகொண்டே கடிகாரம் பார்ப்பவர்

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, துணிமணியைக் கண்ட இடத்தில் போடாமல் சுகமாக இருப்பாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு பதில் சொல்லிவிடுகிறாய், கடிதத்தில்தான் உன்னைக் குறுக்கே பேசவிடாமல் நான் முழுசாகப் பேச முடியும். அண்ணன் குழந்தைக்கு முதல் பல் முளைத்துவிட்டது, கிடைத்ததை எல்லாம் கடிக்கிறது, அண்ணியின் சார்ஜர் ஒயர் உட்பட. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா இப்போதெல்லாம் என்னை விட்டுவிட்டு அதைத் திட்டுகிறாள், எனக்குக் கொஞ்சம் நிம்மதி. நம் சலூனில் பழைய நாற்காலிக்குப் புது ரெக்ஸின் போட்டேன், வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்ததும் ஒரு தடவை தடவிப் பார்க்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீ அழுதாய், கேட்டால் சளி என்றாய். பத்திரிகைக்காரர்கள் உன் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதில் வரும் அப்பா நம்பும்படி இல்லையாம், திருத்தி மாதக் கடைசிக்குள் அனுப்பினால் மறுபடி பார்க்கிறார்களாம். எனக்கு எழுத வராதுப்பா, இதோட விட்டுடறேன், இருக்கற வேலையப் பாத்துக்கிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வராது என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை, சைக்கிள் பழகும்போது சாக்கடையில் விழுந்து எழுந்து கூட சைக்கிளைத்தான் குறை சொன்னாய். அந்தக் கதையை நீ முன்னாலேயே அம்மா போனுக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா, அவள் அதைப் படித்துவிட்டு, துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து சலூனுக்குக் கொண்டுபோனேன். தலையில் அடித்துக்கொள்ளாதே, முழுசாகப் படி.

எனக்கு இரண்டு கையிலும் வேலை, அதனால் பெஞ்சில் காத்திருப்பவர் உரக்க வாசிக்க வேண்டும், நாற்காலியில் இருப்பவர் கேட்க வேண்டும், முறை வந்ததும் வாசித்தவர் நாற்காலிக்கு வருவார், அடுத்தவர் பக்கங்களை வாங்கிக்கொள்வார் என்று ஏற்பாடு. முதல் நாள் என் பெண் எழுதியது என்று பெருமையாகச் சொல்லி ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிரமாதம் என்றார்கள், ஆஹா என்றார்கள், ஒருத்தர் அவார்டே கொடுக்கலாம் என்றார். கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கழுத்துல கத்திய வச்சிக்கிட்டுக் கேட்டா வேற என்னதான் சொல்லுவாங்க என்றாள். காற்று இறங்கிவிட்டது. ஆனால் அவள் சொன்னது சரி, நீயும் உன் தோழிகளிடம் அப்படித்தானே கேட்டிருப்பாய், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டு. அவர்களும் பாவம், போர்த்திய துணிக்குள் மாட்டிக்கொண்டவர்கள்தான். மறுநாளிலிருந்து யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை, யாரோ மறந்துவிட்டுப் போனது என்றேன், எப்படி இருக்கிறது என்று கேட்கவும் இல்லை. தலையை மட்டும் கவனித்தேன். வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும் கண்ணு, தலை பொய் சொல்லாது. மனசு கதையில் இருந்தால் தலை என் கைக்குள் அப்படியே இருக்கும், நான் கிருதாவைக் கோணல் இல்லாமல் இறக்கிவிடலாம். கதை தொய்ந்தால் உடனே மூக்கு அரிக்கும், கண்ணாடியில் தெருவைப் பார்ப்பார்கள், இரண்டு தடவை தலையைப் பிடித்து நேராக வைக்க வேண்டியிருக்கும்.

உன் முதல் பக்கத்தில் மழை பெய்கிறது, பெய்கிறது, பெய்துகொண்டே இருக்கிறது, அந்த இடத்தில் எல்லாத் தலையும் ஆடின. ரிட்டயர்டு பஸ் டிரைவர் இருக்கிறாரே, உன்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாரே அவர், என்னய்யா இது, வண்டி இன்னும் ஸ்டாண்ட விட்டே கிளம்பலையே என்றார். மழையை எடுத்துவிடு, இல்லை நடுவில் எங்காவது ஒரு தூறல் போடு. அப்புறம், உன் கதையில் மளிகைக்கடைக்காரர், கல்லூரி மாணவி, வீட்டுக்காரம்மா எல்லோரும் உன்னை மாதிரியே பேசுகிறார்கள். இங்கே நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் பெஞ்சில் பேசுவது யார் என்று சொல்லிவிடுவேன், சிலர் கேள்வியிலேயே தொடங்குவார்கள், சிலர் விஷயத்தைச் சொல்லிவிட்டு அது இல்லை என்று மறுப்பார்கள். நீ அலுவலகம் போகும் ரயிலில் போனை உள்ளே வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் காதை மட்டும் வெளியே வை. வெட்டவும் பயப்படாதே. நான் ஒரு தடவை கூடுதலாக வெட்டிவிட்டால் அந்த ஆள் மாசக்கணக்கில் தொப்பி போட வேண்டும், உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, வெட்டியது பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எதிர்ப்பக்கம் கடிகாரம் பழுது பார்க்கிறாரே, அவர் முந்தாநாள் முடி வெட்ட வந்தார், டிரைவர் வாசித்துக்கொண்டிருந்தார். உன் கதையில் வரும் அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர் என்றதும் நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் துணிக்குள்ளிருந்து கையை நீட்டி நிறுத்துய்யா என்றார். எவன்யா நின்னுக்கிட்டு கடிகாரம் பாக்குறவன், ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்தா தேடியெடுக்க என் ஆயுசு போதாது, இந்த ஆளு நாளெல்லாம் நிக்கறான், வந்தவனச் சுத்திச் சுத்தி வர்றான், துணிய உதறுறான், என்ன தொழில்யா பண்றான் என்றார். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, கையில் கத்தரியோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் கடிகாரக்காரர் சாயங்காலம் ஆனால் இடது காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார், நானும் அப்படித்தான் நிற்கிறேன். வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது அவர் ஸ்க்ரூ டிரைவரால் மேசைக் கண்ணாடியை டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கிறார், தட்டுவது நின்றால் அவர்கள் பேச்சும் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறாய். அது என் கத்தரி. யாராவது மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால், வெட்ட முடி இல்லாவிட்டாலும் நான் காற்றையே வெட்டிக்கொண்டிருப்பேன், சத்தம் நின்றால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவுக்குக் கூடத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பெஞ்சு மூலையில் வீட்டுப்பாடம் எழுதுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அப்புறம் கடைசிப் பக்கம் வந்தது. மகள் வெளியூருக்குப் புறப்படுகிறாள், பஸ் நிற்கிறது, அப்பா சட்டைப் பையிலிருந்து பிரஷை எடுத்து அவள் பிடரியையும் காலரையும் தட்டிவிடுகிறார். அங்கே முடியும் இல்லை, தூசியும் இல்லை. இந்த இடம் வந்தபோது கடிகாரக்காரர் தலை என் கையில் கல்லாக நின்றது, டிரைவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடி வெட்டிக்கொண்டு கிளம்பவிருந்த ஒருத்தர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கடிகாரக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கடிகாரத் தூசி தட்டுற பிரஷால யாரும் காலரத் தட்ட மாட்டாங்க, இது நீதானேய்யா என்று கேட்டார். ஆமாம் என்றேன், என் பொண்ணு எழுதினது என்றேன். அப்போது என் குரல் கொஞ்சம் சரியில்லை, எனக்கும் சளி என்று வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்னாலேயே தெரியுமாம், அதற்குத்தான் அந்த அடுப்பைத் துடைத்தாளாம். பொண்ணு ஏன் கதையில் என் தொழிலை மாற்றினாள் என்று கேட்டேன். உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு நெனச்சிருப்பா என்றாள். அப்படியும் இருக்கலாம், அங்கே உன்னோடு படித்தவர்கள், வேலை செய்கிறவர்கள் முன்னால் சலூன்காரர் என்று எழுதக் கை வராமலும் இருந்திருக்கலாம். எது என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். ஆனால் குத்தவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், சட்டைக்குள் விழுந்த வெட்டுமுடி மாதிரி அன்று முழுக்க உறுத்தியது. குளித்துவிட்டு வந்து உன் கதையை முதலிலிருந்து நானே வரி வரியாகப் படித்தேன், படித்து முடித்தபோது உறுத்தல் போய்விட்டது, பெருமைதான் மிச்சம். பாரு, நீ என்னை நாற்காலியில் உட்கார வைக்கத்தான் பார்த்திருக்கிறாய், உன் கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அது பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறது. எழுத வராதவளுக்கு அப்படிக் கை அடம் பிடிக்குமா. பத்திரிகைக்காரர்கள் சொன்னதும் சரிதான், உன் கடிகாரக்காரர் வேலை செய்யும் இடங்களில் எல்லாம் தலை ஆடியது, அவர் பிரஷை எடுத்தபோது ஒரு தலையும் ஆடவில்லை. நம்ப முடியாதது அப்பா இல்லை, அவர் உட்கார வேண்டிய அந்தக் கடைதான். அதனால் கடிகாரங்களை எல்லாம் எதிர்க்கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கு என் கத்தரியையும் சீப்பையும் கொடு. நம் சலூனை அப்படியே வை, கண்ணாடி மூலையில் இருக்கும் விரிசலோடு.

எழுத ஒன்றும் வராத நாளும் இருக்கும், அன்றைக்கு நீயும் காற்றை வெட்டு. வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டிரு, சத்தத்தை மட்டும் நிறுத்தாதே, கதையில் எங்கோ ஒரு மூலையில் இருப்பவர் பேச ஆரம்பிப்பார். வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே, அம்மா என்னைத்தான் பிடிப்பாள். காலையில் ஆபீஸுக்குப் போகும் முன் கொஞ்சம் எழுது, வெறும் வயிற்றில் எழுதாதே. முன்முடியை நீயே வெட்டிக்கொள்வதாகப் போட்டோவில் தெரிகிறது, எழுத்தில் நீ என்ன வேண்டுமானாலும் வெட்டு, முடியில் கை வைக்காதே, அதற்கு நான் இருக்கிறேன்.

கதை மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், மறந்துவிடாதே. அவர்கள் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு, டிரைவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், முடி வளராமலே வந்து பெஞ்சில் உட்காருகிறார். உன் கை என்றைக்கும் பார்த்ததை மாற்றிச் சொல்லாமல் இருக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்திருக்கிறது. கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்து கடிகாரக்காரர் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார், உட்காந்து எழுதுய்யா என்றார். உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வரி ஓடவில்லை.

இப்படிக்கு,
இதையும் நின்றுகொண்டே எழுதி முடித்த,
உன் கதையில் வரும் அப்பா